துப்புரவான தெருவும் துரத்தப்பட்ட மனிதரும்

நகரத்தின் ஒரு பகுதிக்குக் கெட்ட பெயர் வந்துவிட்டால், அதைத் துப்புரவு செய்ய வேண்டும் என்ற குரல் எழுவது இயற்கை. திருட்டு, போதை, பரத்தமை, அடிதடி ஆகியவற்றுக்கு நடுவே பிள்ளைகளை வளர்க்கும் குடும்பங்கள் அமைதியை நாடுவதில் தவறேதும் இல்லை. அக்குரலைத் தொடர்ந்து காவலர் வருகின்றனர், கைதுகள் நடக்கின்றன, சில வேளைகளில் வீடுகளே இடிக்கப்படுகின்றன. ஆண்டுகள் சில கழிந்ததும் அதே இடத்தில் பூங்காவும், உயர்ந்த மாடிவீடுகளும், வசதி படைத்தோர் அமர்ந்து உரையாடும் காப்பிக் கடைகளும் தோன்றுகின்றன. அப்போது இரு கூற்றுகள் நம் செவியில் விழுகின்றன. ‘குற்றம் ஒழிந்தது’ என்கிறார் ஒருவர். ‘ஒழியவில்லை, அடுத்த தெருவுக்குக் குடிபோயிருக்கிறது’ என்கிறார் மற்றவர்.

இவ்விருவருள் யார் கூறுவது மெய்? இவ்வினாவுக்கு விடை தேடுவோர்க்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு துணை நிற்கிறது. அவ்வரலாற்றைப் படிக்கும்போது, நாம் ஒரே வினாவாகக் கருதியது உண்மையில் இரு வினாக்கள் என்பது புலனாகிறது. குற்றம் எங்கே போயிற்று என்பது ஒன்று. மனிதர் எங்கே போயினர் என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் ஒரே விடை கிடைப்பதில்லை.

‘புனித நாட்டை’ ஊடறுத்த சாலை

இலண்டன் மாநகரின் நடுப்பகுதியில் புனித ஜைல்ஸ் ஆலயத்தை அடுத்து ஒரு சேரி இருந்தது. ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1751-ஆம் ஆண்டு ‘ஜின் சந்து’ என்ற தம் புகழ்பெற்ற படத்தில் வரைந்து காட்டியது இந்தப் பகுதியைத்தான். திருடரும் இரவலரும் கூலிகளும் நெருக்கியடித்து வாழ்ந்த அச்சேரிக்கு ‘புனித நாடு’ என்று நகைப்பெயர் இட்டிருந்தனர் இலண்டன் மக்கள். அங்கு வாழ்ந்தவருள் பெரும்பகுதியினர் பஞ்சத்துக்குத் தப்பி வந்த ஐரிஷ் கத்தோலிக்கர்.

நகர நிர்வாகம் இச்சேரியைத் தொலைப்பதற்குக் கண்ட வழி எளிமையானது. போக்குவரத்துக்கு அகலமான சாலை ஒன்று தேவைப்பட்டது. அதைச் சேரியின் நடுவிலேயே வெட்டிவிட்டால் இரு காரியங்களும் ஒருசேர முடியும். அவ்வாறே நியூ ஆக்ஸ்ஃபோர்டு தெரு 1847-இல் திறக்கப்பட்டது. கடைகள் வந்தன, வண்டிகள் ஓடின. வீடிழந்தோர்க்கு மாற்றிடம் தருவது பற்றி அந்நாளைய சட்டம் எதுவும் பேசவில்லை.

அவர்கள் தொலைவில் எங்கும் போகவில்லை. போகவும் இயலாது. சுமை தூக்குவோரும் காய்கறி விற்போரும் விடியுமுன் சந்தையில் நிற்க வேண்டியவர்கள். வேலை இருக்கும் இடத்துக்கு நடந்து செல்லும் தூரத்தில்தான் அவர்கள் உறங்க முடியும். எனவே இடிபடாமல் எஞ்சிய சந்துகளில் நெருக்கிக்கொண்டனர். இலண்டன் புள்ளியியல் கழகத்தார் புதிய சாலையின் அருகிலிருந்த சர்ச் லேன் என்ற சந்தை ஆராய்ந்து 1848-இல் அறிக்கை ஒன்று வெளியிட்டனர். அச்சந்தின் 27 வீடுகளில் 1841-இல் 655 பேர் வாழ்ந்தனர். 1847-இல் அதே வீடுகளில் 1,095 பேர் வாழ்ந்தனர். அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பஞ்சம் புதிதாக விரட்டி வந்தவர்களும் இவ்வெண்ணிக்கையில் அடங்குவர் என்பது மெய்யே. ஆயினும் சேரியை வெட்டிய சாலை சேரியைக் குறைக்கவில்லை, இறுக்கியது. நோயும் சண்டையும் களவும் அந்த இறுக்கத்தோடு சேர்ந்தே வளர்ந்தன.

இதே முறையைப் பாரிஸ் நகரம் பேரளவில் கையாண்டது. 1853 முதல் 1870 வரை ஓஸ்மான் பிரபுவின் ஆணைப்படி பழைய குடியிருப்புகள் தகர்க்கப்பட்டு அகன்ற சாலைகள் அமைந்தன. இதைக் கண்டு ஃபிரெடரிக் எங்கெல்ஸ் 1872-இல் எழுதிய கட்டுரைத் தொடரில், செல்வர் வகுப்பு வீட்டுப் பிரச்சினையைத் தீர்ப்பதில்லை, அதை வேறிடத்துக்குத் தள்ளிவிடுவதையே தீர்வு என்று கொண்டாடுகிறது என்று வாதிட்டார். அவருடைய தத்துவத்தை ஏற்காதவரும் இக்கூற்றை மறுப்பது கடினம்.

ஐயாயிரத்து எழுநூறு பேரும் பதினொரு பேரும்

புனித ஜைல்ஸ் சேரியின் கதையில் நிர்வாகத்தாரின் அக்கறையின்மை வெளிப்படுகிறது. அரை நூற்றாண்டு கழித்துக் கிழக்கு இலண்டனில் நிகழ்ந்ததோ நல்லெண்ணத்தின் கதை. ஆகவே அதில் நாம் கற்க வேண்டியது மிகுதி.

ஷோர்டிச், பெத்னல் கிரீன் என்னும் பகுதிகளின் எல்லையில் ‘ஓல்டு நிக்கல்’ என்ற சேரி இருந்தது. சுமார் 5,700 பேர் அதில் வாழ்ந்தனர். அங்கு இறப்பு விகிதம் சுற்றுவட்டாரத்தைக் காட்டிலும் ஏறத்தாழ இரு மடங்கு. சார்லஸ் பூத் என்ற வணிகர் 1889-இல் வெளியிட்ட இலண்டன் வறுமை வரைபடத்தில் தெருக்கள் வருவாய்க்கேற்ப நிறம் பெற்றன. மிகக் கீழான நிறம் கறுப்பு. கறுப்பு என்பதற்கு அவர் தந்த விளக்கம், கடைநிலை வகுப்பினர், தீயொழுக்கத்தினர், பாதிக் குற்றவாளிகள் என்பது. ஓல்டு நிக்கலின் தெருக்களில் பல அக்கறுப்பைப் பெற்றன. அவ்வீடுகளிலிருந்து வாடகை வாங்கியவர்களுக்கு எந்த வரைபடத்திலும் நிறம் தரப்படவில்லை. சுகாதாரக் குறைகளைக் களைய வேண்டிய வட்டார ஆட்சி மன்றத்தின் உறுப்பினர் சிலரே அவ்வீடுகளின் உரிமையாளர் என்பதைப் பின்னாளைய ஆய்வாளர் வெளிக்கொணர்ந்தனர்.

அச்சேரியில் 1886 முதல் பணியாற்றியவர் ஆங்கிலிக்கன் குருவான ஆர்தர் ஆஸ்போர்ன் ஜே. மக்களோடு கலந்து பழகிய அவர் பணம் திரட்டி ஆலயம் எழுப்பினார். இளைஞர்க்குக் குத்துச்சண்டைக் கூடம் அமைத்தார். வீடற்றோர்க்குத் தங்குமிடம் தந்தார். அவருடைய அழைப்பின்பேரில் அங்கு வந்து பழகிய எழுத்தாளர் ஆர்தர் மாரிசன் 1896-இல் எழுதிய ‘ஜேகோவின் குழந்தை’ என்ற புதினம் அச்சேரியை உலகறியச் செய்தது. ஆயினும் அதே ஆண்டுகளில் ஜே குருவானவர், குற்ற இயல்பு பிறப்பிலேயே வருகிறது என்ற அந்நாளைய கொள்கைக்கு ஆட்பட்டு, திருந்தாதவர்களை மக்கள் தொடர்பற்ற தண்டனைக் குடியேற்றங்களில் நிரந்தரமாக அடைத்துவிடலாம் என்ற யோசனையையும் முன்வைத்தார். பத்தாண்டுகள் ஒரு மக்களுக்காக உழைத்தவரே அவர்களை இல்லாமற் செய்யும் திட்டத்துக்கு வந்து சேர்ந்தார். அருள்பணியிலும் பொதுப்பணியிலும் இருப்போர் நின்று எண்ண வேண்டிய செய்தி இது. இரக்கம் களைத்துப்போகும் வேளையில் அது வெறுப்பின் மொழியைக் கடன் வாங்கிக்கொள்ளக்கூடும்.

இலண்டன் மாவட்ட மன்றம் 1889-இல் உருவாயிற்று. அதன் முதற்பெரும் முயற்சிகளுள் ஒன்றாக ஓல்டு நிக்கலை முற்றிலும் இடித்து, காற்றும் வெளிச்சமும் புகும் செங்கல் அடுக்ககங்களைக் கட்டியது. இடிபாடுகளை நடுவில் மேடாகக் குவித்து, அதைச் சுற்றித் தெருக்களை வட்டமாக அமைத்தனர். பின்னர் மேட்டின்மீது இசை மண்டபம் ஒன்றும் எழுந்தது. 1900-ஆம் ஆண்டு மார்ச் மாதம் வேல்ஸ் இளவரசர் அதைத் திறந்துவைத்தார். நகராட்சி ஏழைகளுக்கு வீடு கட்டித் தரும் முறைக்கு அது முன்னோடி என்று இன்றும் போற்றப்படுகிறது. போற்றத்தக்க கட்டடங்களே அவை.

ஆனால் வெளியேற்றப்பட்ட 5,700-க்கும் மேற்பட்டோருள் புதிய வீடுகளில் குடியேறியவர் 11 பேர் மட்டுமே என்று வரலாற்று நூல்கள் குறிக்கின்றன. வாடகை அவர்களுக்கு எட்டவில்லை. வீட்டிலிருந்தே தீப்பெட்டி ஒட்டியும் மரச்சாமான் செய்தும் பிழைத்தவர்களுக்கு அடுக்ககத்தின் விதிகளும் பொருந்தவில்லை. நிலையான கூலி பெற்ற கைவினைஞரும் எழுத்தரும் அங்கே குடிவந்தனர். பழைய மக்கள் பெத்னல் கிரீன், ஷோர்டிச், ஹாக்னி பகுதிகளின் எஞ்சிய சந்துகளுக்குள் மறைந்தனர். சேரி ஒழிந்தது, சேரிவாழ் மனிதர் வேறு சேரிகளை நிரப்பினர்.

நூறாண்டு கடந்து அவ்விடத்தின் நிலையைப் பார்த்தால் வரலாறு இன்னொரு முறை திரும்புவது தெரியும். ஏழைகளுக்கென்று சொல்லிக் கட்டப்பட்ட அவ்வீடுகளுள் தனியார்க்கு விற்கப்பட்டவை இன்று ஷோர்டிச் பகுதியின் பெருவிலை வீடுகளாக மாறியிருக்கின்றன.

கறுப்பு மை கடல் கடந்தது

மனிதரைத் தெருவோடு சேர்த்துக் குற்றவாளி ஆக்கும் இச்சிந்தனை இலண்டனோடு நிற்கவில்லை. பிரித்தானிய நாடாளுமன்றம் 1869-இல் வழக்கக் குற்றவாளிகள் சட்டத்தை இயற்றியது. இரண்டே ஆண்டுகளில், 1871-இல், இந்தியாவில் குற்றப் பழங்குடிகள் சட்டம் பிறந்தது. அங்கே தெரு பெற்ற கறுப்பு மையை இங்கே சாதி பெற்றது. அச்சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கு விரிக்கப்பட்டபோது, பிறந்த குழந்தையும் சந்தேகத்துக்கு உரியதாயிற்று. கைரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் துப்பாக்கிச் சூடு நடந்ததைத் தமிழர் மறக்கவில்லை. கிழக்கு இலண்டனில் தோன்றிய இரட்சணிய சேனையே இந்நாட்டில் அத்தகைய ‘குற்ற மக்கள்’ குடியேற்றங்கள் சிலவற்றை நடத்தியது என்பது அவ்விரு வரலாறுகளின் நேரடித் தொடர்பைக் காட்டும்.

ஒரு புதிய சொல்

இலண்டனிலேயே 1964-இல் ரூத் கிளாஸ் என்ற சமூகவியல் அறிஞர் ஒரு புதிய போக்கைக் கவனித்தார். உழைப்பாளர் வாழ்ந்த பழைய வீடுகளை நடுத்தர வகுப்பினர் வாங்கிப் புதுப்பித்தனர். வாடகை ஏறிற்று, பழைய குடிகள் ஒவ்வொருவராக அகன்றனர், பகுதியின் இயல்பே மாறிற்று. இதற்கு அவர் இட்ட பெயரை நாம் தமிழில் ‘மேட்டுக்குடியாக்கம்’ எனலாம்.

இது இடிப்பைப் போல் ஒரே நாளில் நிகழ்வதில்லை. நியூயார்க் நகரைப் பற்றி ஃபிரீமன், பிரக்கோனி ஆகிய இருவரும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு, இவ்வாறு மாறும் பகுதிகளில் வாழும் ஏழைகள் உடனடியாக வெளியேறிவிடுவதில்லை என்று காட்டியது. சூழல் மேம்படுவதால் அவர்களும் இயன்றவரை அங்கேயே ஒட்டிக்கொள்ளப் பார்க்கின்றனர். ஆயினும் ஒருவர் இறந்தோ இடம்பெயர்ந்தோ வீடு காலியாகும்போது, அடுத்து வருபவர் ஏழையாக இருக்க இயலாது. கதவு உட்புறமாகப் பூட்டப்படுகிறது. உள்ளே இருப்பவர் இருக்கலாம். வெளியே இருப்பவர் இனி வர முடியாது.

குற்றம் நீரா, செடியா?

மனிதர் இடம்பெயர்ந்த கதையைப் பார்த்தோம். குற்றமும் அப்படியே இடம்பெயர்கிறதா? நெடுங்காலம் அறிஞரும் காவலரும் ஆம் என்றே எண்ணினர். குழாயின் ஒரு வாயை அடைத்தால் நீர் மறு வாயில் வரும் என்பது போல, குற்ற மனம் உள்ளவன் ஓரிடத்தில் தடுக்கப்பட்டால் வேறிடத்தைத் தேடுவான் என்று கருதினர். ஆனால் கடந்த நாற்பது ஆண்டு ஆய்வுகள் இக்கருத்தைப் பெரிதும் திருத்தியிருக்கின்றன.

அமெரிக்காவின் மினியாப்பொலிஸ் நகரில் ஓராண்டுக் காலம் காவல் துறைக்கு வந்த அழைப்புகளை ஷெர்மன் என்ற அறிஞரும் துணைவரும் ஆராய்ந்து 1989-இல் வெளியிட்டனர். நகரிலுள்ள முகவரிகளில் 3 விழுக்காட்டுக்குச் சற்று மேற்பட்டவையே ஏறத்தாழப் பாதி அழைப்புகளுக்குக் காரணமாக இருந்தன. மோசமான பகுதி என்று பெயர் பெற்ற இடத்திலும் பெரும்பாலான வீடுகளில் எதுவும் நிகழவில்லை. குற்றம் சில மூலைகளில், சில கடை வாசல்களில் வேரூன்றி நின்றது. அது நீரைக் காட்டிலும் செடியை ஒத்தது. தனக்கேற்ற மண்ணில் மட்டுமே முளைத்தது.

நியூ ஜெர்சியிலுள்ள ஜெர்சி சிட்டியில் வைஸ்பர்டு என்ற அறிஞரின் குழு இவ்வினாவையே நேரடியாகச் சோதித்து 2006-இல் முடிவைத் தந்தது. பரத்தமைக்கும் போதைக்கும் பெயர்போன இரு சிறு பகுதிகளில் காவலர் தீவிரமாகச் செயற்பட்டனர். சுற்றியுள்ள தெருக்களை ஆய்வாளர் கூர்ந்து நோக்கினர். குற்றம் அங்கே பெருகவில்லை, குறையவே செய்தது. வெளிச்சத்தின் ஓரம் பக்கத்துத் தெருவிலும் விழுவது போன்ற விளைவு அது. ஏன் வேறிடம் செல்லவில்லை என்று தொழிலில் இருந்தவர்களையே கேட்டனர். அடுத்த மூலை வேறொருவனுக்கு உரியது, அங்கே போனால் ஆபத்து. பழகிய வாடிக்கையாளர் இங்கேதான் வருவர். புதிய இடத்தை அறிய நாளாகும் என்றெல்லாம் விடைகள் வந்தன. எல்லாரும் திருந்திவிடவில்லை. சிலர் தெருவை விட்டு வீட்டுக்குள் சென்றனர். சிலர் முன்கூட்டியே நேரம் குறித்துச் சந்திக்கத் தொடங்கினர். ஆயினும் அங்கிருந்தது அப்படியே இங்கே வந்தது என்று கூற இடமில்லை.

குற்றத் தடுப்பு முயற்சிகள் 102-ஐத் தொகுத்து ஆராய்ந்து கெரெட், பவர்ஸ் ஆகிய இருவரும் 2009-இல் எழுதினர். அவர்கள் நோக்கிய நிகழ்வுகளுள் நான்கில் ஒரு பங்கில் மட்டுமே குற்றம் இடம்பெயர்ந்த சான்று கிடைத்தது. ஏறக்குறைய அதே அளவில், தடுப்பின் நன்மை அண்டை இடங்களுக்கும் பரவிய சான்றும் கிடைத்தது. இடம்பெயர்ந்த போதும், குறைந்த அளவு முழுவதும் அங்கே சென்று சேர்வது அரிது.

மனித மனத்தின் இவ்வியல்புக்குத் துயரமானதொரு சான்றும் உண்டு. இங்கிலாந்தில் வீட்டு அடுப்புக்கு வந்த நிலக்கரி வாயுவிலிருந்த நச்சு 1963-க்குப் பின் படிப்படியாக நீங்கியது. அதுவரை தற்கொலைகளுள் பெரும்பங்கு அவ்வாயுவால் நேர்ந்தவை. மனம் உடைந்தவர் வேறு வழியைத் தேடிக்கொள்வர் என்றுதான் எவரும் எண்ணுவர். ஆனால் இங்கிலாந்திலும் வேல்சிலும் 1963-இல் 5,714-ஆக இருந்த தற்கொலைகள் 1975-இல் 3,693-ஆகக் குறைந்தன. அழிவின் வாய்ப்பு அருகில் இல்லாதபோது எத்தனையோ பேர் பிழைத்து வாழ்ந்தனர். சாவை நாடியவர் திறத்திலேயே இப்படியென்றால், களவை நாடியவர் திறத்தில் வாய்ப்பைக் குறைப்பது வீண் என்று சொல்வது எங்ஙனம்?

எனவே ‘எல்லாம் அடுத்த தெருவுக்குப் போய்விடும்’ என்று கைகட்டி நிற்பது அறிவுடைமை ஆகாது. அச்சொல்லால் முதலில் பாதிக்கப்படுவோர் அம்மூலையை அன்றாடம் கடந்து செல்லும் ஏழைப் பெண்களும் குழந்தைகளுமே.

நியூயார்க் தரும் இரு பாடங்கள்

நியூயார்க் நகரில் 1990-இல் 2,245 கொலைகள் நிகழ்ந்தன. 1998-இல் அவை 633. உடைந்த சன்னலைச் சீர்செய்யாமல் விட்டால் பெருங்குற்றமும் வரும் என்று வில்சனும் கெல்லிங்கும் 1982-இல் எழுதிய கட்டுரையின் வழி நின்று, 1994 முதல் காவல் துறை சிறு பிழைகளையும் கடுமையாக ஒடுக்கியது. கேளிக்கை விடுதிகள் மலிந்திருந்த டைம்ஸ் சதுக்கம் குடும்பங்கள் உலவும் இடமாயிற்று. சட்ட அறிஞர் ஃபிராங்க்ளின் சிம்ரிங் 2011-இல் வெளியிட்ட நூலில், குற்றம் நகரின் எல்லாப் பகுதிகளிலும் குறைந்தது, ஒரு பகுதியிலிருந்து மறு பகுதிக்கு ஓடவில்லை என்று நிறுவினார். அக்காலத்தில் சிறையிலிருந்தோர் தொகையும் குறைந்தது என்பதை அவர் வற்புறுத்துகிறார். இது முதற்பாடம்.

இரண்டாவது பாடம் அதன் விலையைப் பற்றியது. காவலர் தெருவில் நிறுத்திச் சோதித்த நிகழ்வுகள் 2011-இல் மட்டும் 6,85,000-ஐத் தாண்டின. நிறுத்தப்பட்டோருள் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவரும் இலத்தீன் அமெரிக்க வழியினரும் ஆவர். பத்தில் ஒன்பது பேர்மீது எக்குற்றமும் இல்லை. 2013 ஆகஸ்டில் கூட்டாட்சி நீதிமன்றம் இம்முறை அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. 2015-இல் சோதனைகள் சுமார் 22,000-ஆகச் சுருங்கின. குற்றம் மீண்டும் பொங்கும் என்று அஞ்சியவர் பலர். ஆனால் 2011-இல் 515-ஆக இருந்த கொலைகள் 2017-இல் 292-ஆக இறங்கின. பல இலட்சம் இளைஞர் சுவரோடு நிறுத்தப்பட்டு அடைந்த அவமானத்துக்கு ஈடாக நகரம் பெற்றது என்ன என்று வினவினால், விடை சொல்வது அரிது.

மனிதர் எங்கே போயினர் என்ற வினாவும் அங்கே உண்டு. டாம்ப்கின்ஸ் சதுக்கப் பூங்காவில் கூடாரமிட்டிருந்த வீடற்றோர் 1991 ஜூனில் வெளியேற்றப்பட்டுப் பூங்கா மூடப்பட்டது. அவர்கள் அருகிலிருந்த காலி மனைகளில் குடில் கட்டினர், அங்கிருந்தும் அகற்றப்பட்டனர். 1990-களின் நடுவில் நகரின் புகலிடங்களில் இரவில் உறங்கியோர் ஏறக்குறைய 24,000 பேர். இருபது ஆண்டுகள் கழித்து 60,000 பேர். கொலை குறைந்த அதே நகரில், அதே காலத்தில், வீடற்றோர் இரு மடங்குக்கும் மேல் பெருகினர். பாதுகாப்பான நகரம் விலை உயர்ந்த நகரமும் ஆயிற்று.

பொகோட்டாவும் சூரிக்கும்

கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில், ஆட்சியாளர் மாளிகையிலிருந்து நடந்து செல்லும் தூரத்தில், ‘எல் கர்துச்சோ’ என்ற போதைப் பகுதி இருந்தது. மேயர் என்ரிக்கே பெனாலோசா 1998-இல் அதை அகற்றத் தொடங்கினார். அவ்விடத்தில் மூன்றாம் ஆயிரமாண்டுப் பூங்கா அமைந்தது. சில தெருக்களுக்கு அப்பால் ‘எல் பிரான்க்ஸ்’ என்ற பெயரில் அதே வாணிகம் முன்னிலும் கொடியதாகத் தலையெடுத்தது. அதே பெனாலோசா மீண்டும் மேயராகி, 2016 மே 28-ஆம் நாள் பெரும்படையோடு அதையும் தகர்த்தார். அங்கிருந்தோர் கால்வாய்க் கரைகளிலும் சதுக்கங்களிலும் சிதறினர். சான் பெர்னார்டோ என்ற அண்டைப் பகுதி அடுத்த மையமாயிற்று. ஒரே மனிதர் தம் வாழ்நாளில் ஒரே பிரச்சினையை இருமுறை இடித்தார் எனலாம்.

சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரமும் முதலில் இவ்வழியே சென்றது. தேசிய அருங்காட்சியகத்தின் பின்னுள்ள பிளாட்ஸ்ஷ்பிட்ஸ் பூங்காவில் 1980-களின் பிற்பகுதியில் ஆயிரக்கணக்கானோர் பட்டப்பகலில் ஹெராயின் ஊசி ஏற்றிக்கொண்டனர். உலகம் அதை ‘ஊசிப் பூங்கா’ என்றழைத்தது. 1992 பிப்ரவரி 5-ஆம் நாள் பூங்காவின் வாயில்கள் அடைக்கப்பட்டன. அங்கிருந்தவர்க்கு மாற்று ஏற்பாடு போதிய அளவில் இல்லை. அவர்கள் அண்டைக் குடியிருப்புகளின் வாசல்களிலும் முற்றங்களிலும் அலைந்து, இறுதியில் கைவிடப்பட்ட லெட்டன் தொடர்வண்டி நிலையத்தில் குவிந்தனர். காட்சி மாறவில்லை, மேடை மாறிற்று.

1995 பிப்ரவரி 14-இல் லெட்டனும் மூடப்பட்டது. ஆனால் இம்முறை வாயிலை அடைக்குமுன் வேறு கதவுகள் திறந்திருந்தன. மருத்துவர் மேற்பார்வையில் ஹெராயின் வழங்கும் சோதனைத் திட்டம் 1994-இல் தொடங்கியிருந்தது. மெத்தடோன் சிகிச்சை விரிந்தது. வெளியூர்களிலிருந்து வந்தவர்களைத் தத்தம் ஊர் நிர்வாகங்கள் ஏற்றுப் பேண ஏற்பாடாயிற்று. தங்குமிடங்களும் மேற்பார்வையுடன் கூடிய பயன்பாட்டு அறைகளும் இருந்தன. காவலரும் இருந்தனர், வணிகரைப் பிடிப்பதில் அவர்கள் தளரவில்லை. தடுப்பு, சிகிச்சை, தீங்குக் குறைப்பு, சட்ட ஒடுக்கம் என்னும் நான்கு தூண்கள் என்று இக்கொள்கை பெயர் பெற்றது.

நச்சைத் தடுக்க நச்சையே வழங்குவதா என்று பலர் மனம் வருந்தினர். அறநெறியை ஆராய்வோர்க்கு அது எளிய வினா அன்று. ஆயினும் விளைவுகளை நாம் மறைக்க இயலாது. அப்பெருந்திரள் மூன்றாவது இடத்தில் கூடவில்லை. சூரிக் மாநிலத்தில் 1990-இல் ஹெராயினுக்குப் புதிதாக அடிமையானோர் 850 பேர் என்றும், 2002-இல் 150 பேர் என்றும் 2006-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழ் வெளியிட்ட ஆய்வு கணக்கிட்டது. 2008 நவம்பரில் சுவிஸ் மக்கள் 68 விழுக்காட்டு வாக்குகளால் இச்சிகிச்சையைச் சட்டமாக்கினர். லெட்டன் இன்று மக்கள் நீராடும் ஆற்றங்கரை. அதைச் சுற்றிய பகுதிகளில் வாடகை வானளாவ ஏறி, மேட்டுக்குடியாக்கம் அங்கும் நிகழ்ந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். போதையிலிருந்து மீண்டோர்க்கு உதவிய நகரம், குறைந்த கூலி பெறுவோரை அங்கே தங்கவைக்கும் வழியை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது.

நாம் கேட்க வேண்டியவை

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கும்போது சில தெளிவுகள் கிட்டுகின்றன. ஒரு மூலையில் நிகழும் குற்றத்தைத் தடுத்தால், அதில் பெரும்பகுதி உண்மையிலேயே குறைகிறது. ஆகவே காவலும், விளக்கும், ஒழுங்கும் வேண்டும் என்று கோரும் ஏழைக் குடும்பத்தை நாம் ஏளனம் செய்யலாகாது. மறுபுறம், மனிதர் குற்றத்தைப் போல் மறைந்துவிடுவதில்லை. அவர்களுக்குப் பசி உண்டு. உறங்க இடம் வேண்டும். போதைக்கு அடிமையானால் அதற்கும் அவர்கள் எங்கேனும் போயாக வேண்டும். ஒரு நகரம் ஒரு மூலையைக் குறிவைத்தால் குற்றம் குறைகிறது. ஒரு மக்களைக் குறிவைத்தால் துன்பம் இடம்பெயர்கிறது. காவல் துறையின் பதிவேட்டில் குறைந்த எண் மட்டும் இருக்கும். பெருகிய எண் புகலிடத்தின் பதிவேட்டில், மருத்துவமனையின் பதிவேட்டில், அடுத்த சேரியின் நெரிசலில் இருக்கும். அவ்விரண்டையும் ஒருவரே படிப்பதில்லை. எனவே கணக்கு நேராவதில்லை.

நம் ஊர்களிலும் துப்புரவுத் திட்டங்கள் வரும்போது நாம் கேட்கத்தக்க வினாக்கள் உண்டு. இத்திட்டம் செயல்களைத் தடுக்கிறதா, மனிதரை அகற்றுகிறதா? அகற்றினால், அவர்கள் இன்றிரவு உறங்கும் இடம் எது? அங்கிருந்து அவர்கள் வேலைக்கு நடந்து செல்ல முடியுமா? மேம்பட்ட தெருவில் அவர்களுள் எத்தனை பேர் ஐந்தாண்டுக்குப் பின்னும் வாழ்வர்? அத்தெருவின் நிலவிலை ஏறும்போது அந்த ஆதாயம் யாருக்குச் சேரும்? ஓல்டு நிக்கல் இடிக்கப்பட்டபோது இவ்வினாக்களைத் திட்டம் தீட்டுமுன் கேட்டிருந்தால், அந்நல்ல வீடுகளின் வாடகையை வேறு விதமாகக் குறித்திருக்கலாம். சூரிக் நகரம் இரண்டாம் முறை கேட்டது. மூன்று ஆண்டுக்குமுன் கேட்டிருந்தால் இன்னும் பல உயிர்கள் மிஞ்சியிருக்கும்.

அடுத்த முறை ஒரு பகுதி ‘சுத்தமாயிற்று’ என்ற செய்தியை நாளேட்டில் காணும்போது, குறைந்த குற்றங்களின் எண்ணிக்கையை மனநிறைவோடு படிப்போம். படித்தபின், அங்கிருந்தவர் எத்தனை பேர், அவர்கள் எந்தெந்த முகவரியில் இருக்கின்றனர் என்ற எண்ணிக்கையையும் அதே அலுவலரிடம் கேட்போம்.